23 கிலோவும் இரண்டு பிள்ளைகளும்

ஒஸ்லோப் பள்ளிக்கூடங்கள் ஜூன் மூன்றாம் வாரத்தில் கோடை விடுமுறைக்கு மூடும். அதற்குச் சில நாள் முன்பே, ஊருக்குப் போகிற பியோர்ண்டால் தமிழ் வீடுகளில் வரவேற்பறைத் தரை தெரியாமற் போய்விடும். வாயைத் திறந்தபடி சூட்கேஸ்கள். பக்கத்தில் மருமக்களுக்கு வாங்கிய ஃப்ரேயா சொக்லேட், அம்மம்மாவுக்கு மீனெண்ணெய்க் குளிசை, அப்பப்பாவுக்குக் கம்பளிக் காலுறை (யாழ்ப்பாணத்து வெயிலில் அதை எப்போது போடப்போகிறார் என்று யாரும் கேட்பதில்லை), சின்னவளின் பம்பர்ஸ் கட்டுகள், பெரியவன் விடாப்பிடியாக நிற்கும் தீயணைப்பு வண்டி. நகரின் தென்கோடியில் காட்டோரமாக 1980களில் எழும்பிய குடியிருப்பு இது. இங்கிருந்து பஸ், ரயில், ஒரு விமானம், இன்னொரு விமானம், பிறகு கட்டுநாயக்க விமான நிலையத்தில் வான் பிடித்து யாழ்ப்பாணத்து வாசலில் இறங்க ஒரு முழு நாள் ஆகிவிடும். ஒஸ்லோவில் இருந்து கொழும்புக்கு நேரடி விமானம் கிடையாது. டோஹா, டுபாய், இஸ்தான்புல் என்று எங்காவது மாறித்தான் ஆக வேண்டும்.

"இவ்வளவும் எப்பிடி இதுக்குள்ள போகும்?" இதுதான் எல்லா வீட்டிலும் எழுகிற கேள்வி. உடுப்பை உருட்டுவதா மடிப்பதா என்று பட்டிமன்றமே நடக்கும். என்னைக் கேட்டால், சின்னப் பிள்ளைகளோடு போகிறவருக்கு இடம் மூன்றாவது பிரச்சினை. எடை இரண்டாவது. எந்தச் சாமான் எந்த நேரத்தில் கைக்கு எட்ட வேண்டும் என்பதே முதலாவது. பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். பெரிய பெட்டியோடு மூன்று இரவு மல்லுக்கட்டிவிட்டு, மிஞ்சியதை எல்லாம் கடைசி அரை மணி நேரத்தில் கைப்பொதிக்குள் திணிக்கிறோம்.

எடையில் இருந்து தொடங்கலாம். அதில் ஒரு நல்ல கணக்கு இருக்கிறது.

பல விமான நிறுவனங்கள் வைத்திருக்கும் வரம்பு இது: பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 செ.மீ. தாண்டக்கூடாது, எடை 23 கிலோவுக்குள் இருக்க வேண்டும். 76, 50, 32 செ.மீ. அளவுள்ள ஒரு பெட்டியை எடுத்துக்கொள்வோம். சக்கரம், கைப்பிடிக் குழாய், சுவரின் தடிப்பு எல்லாம் கழித்தால் உள்ளே சுமார் 105 லீற்றர் இடம் தேறும். பெட்டியின் சொந்த எடை 4 கிலோ என்றால் சாமானுக்கு மிஞ்சுவது 19 கிலோ. 19 கிலோவை 105 லீற்றருக்குப் பங்கிட்டால் லீற்றருக்கு ஏறத்தாழ 180 கிராம்.

இந்த 180தான் பெட்டியின் எல்லைக்கோடு. அதைவிட அடர்த்தியான சாமானால் பெட்டியை நிரப்பினால், இடம் மிச்சம் இருக்கும்போதே எடை தாண்டிவிடும். அடர்த்தி குறைந்த சாமானால் நிரப்பினால், எடை மிச்சம் இருக்கும்போதே மூடி மூடாது. சொக்லேட் லீற்றருக்கு 1.2 கிலோவுக்குக் குறையாது. 19 கிலோவையும் சொக்லேட்டாகவே வைத்தால் பெட்டியில் ஆறில் ஒரு பங்குகூட நிரம்பாது. மிளகாய்த்தூள் லீற்றருக்கு 400, 500 கிராம் வரும், பால்மாவும் அப்படித்தான். பம்பர்ஸ் கோட்டுக்குக் கீழே. மடித்த பருத்தி உடுப்பு கோட்டை ஒட்டியே நிற்கும். வெறும் உடுப்பு அடுக்கிய பெட்டி மூடவும் மூடி, எடையும் கிட்டத்தட்டச் சரியாக வருவது அதனால்தான்.

பருத்தி இழை தண்ணீரைவிட ஒன்றரை மடங்கு கனமானது. லீற்றருக்கு 1,500 கிராம். அப்படியிருக்க மடித்த உடுப்பு லீற்றருக்கு 200 கிராம்தான் என்றால், அதில் துணி எட்டில் ஒரு பங்குக்குச் சற்று மேல், மிச்சமெல்லாம் காற்று. இறுக்கி உருட்டினால் அந்தக் காற்றில் கொஞ்சம் வெளியேறும். காற்றை உறிஞ்சி எடுக்கும் பிளாஸ்டிக் பைகளில் இன்னும் நிறைய வெளியேறும். ஆனால் எடையில் ஒரு கிராம்கூடக் குறையாது. பக்கத்து வீட்டு அண்ணை ஒருவர் எல்லா உடுப்பையும் அப்படி உறிஞ்சி, கிடைத்த இடத்தில் இன்னும் சாமான் வைத்து, வெற்றியோடு சொன்னார்: "மூடுது தம்பி. ஆனா தூக்கேலாமக் கிடக்கு." 180 கிராம் கோட்டில் நின்ற சாமானைச் சுருக்கினால் அது கோட்டைத் தாண்டிப் போகும். இடம் இருக்கிறதே என்று நிரப்பும் ஆசையும் கூடவே வரும். உறிஞ்சு பை உண்மையில் பயன்படுவது ஓரிடத்தில்தான். அதற்குப் பிறகு வருகிறேன்.

ஆகவே செய்ய வேண்டியது சோடி சேர்ப்பது. கனமானதோடு உப்பலானது. போகும்போது சொக்லேட்டோடு பம்பர்ஸ் ஒரே பெட்டியில் இருக்கட்டும். சொக்லேட் ஒரு பெட்டி, பம்பர்ஸ் ஒரு பெட்டி என்று பிரித்தால் முதலாவது தராசில் தோற்கும், இரண்டாவது மூடியில் தோற்கும். திரும்பி வரும்போது பம்பர்ஸ் தீர்ந்திருக்கும், அந்த இடத்துக்குக் கறித்தூளும் ஒடியல் மாவும் பனங்கட்டியும் வரும். எல்லாமே கோட்டுக்கு மேலே. அதனால்தான் போகும்போது மூடாத பெட்டி, வரும்போது பாதி காலியாகத் தெரிந்தும் எடை தாண்டுகிறது. வரும் வழியில் நல்ல சோடி பருத்தித்துறை வடை. மொறுமொறுப்பானது, எடையற்றது, நொருங்காமல் இருக்க உடுப்புக்கு நடுவே வைக்க வேண்டும் என்பது ஒன்றுதான் தொல்லை.

23 என்ற எண் பழைய இறாத்தல் கணக்கில் ஏறத்தாழ 50. விமான நிலையத்தில் இந்தப் பெட்டிகளைக் கையால் தூக்கி, குனிந்து, விமானத்தின் வயிற்றுக்குள் அடுக்குகிறவர்களின் முதுகெலும்போடு தொடர்புடைய எண் இது. அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனம் 1991இல் திருத்திய தூக்குதல் சூத்திரத்திலும், எல்லாம் உகந்த நிலையில் இருக்கும்போது தூக்கத்தக்க உச்ச எடையாக 23 கிலோவே வருகிறது. 24 கிலோப் பெட்டிக்குக் காசு கேட்கும்போது நமக்கு எரிச்சல் வரத்தான் செய்யும். ஒரு ஷிஃப்டில் நூற்றுக்கணக்கான பெட்டிகளைத் தூக்குகிறவருக்கு அந்த ஒரு கிலோ சின்ன விசயமல்ல. நோர்வேக்கு வந்த முதல் தமிழர் என்று சொல்லப்படும் அன்ரனி இராஜேந்திரம் 1956இல் மோட்டார் சைக்கிளில் வந்தார் என்பார்கள். அவருக்கு இந்தத் தராசு இருக்கவில்லை.

தராசு என்றதும் ஒரு வேடிக்கை. புவி முழு உருண்டையல்ல. நடுவில் சற்றுப் பருத்தது, தன்னைத்தானே சுற்றவும் செய்கிறது. அதனால் புவியீர்ப்பு ஒஸ்லோவில் சற்று அதிகம், யாழ்ப்பாணத்தில் சற்றுக் குறைவு. 60 பாகை அகலாங்கில் ஒரு செக்கனுக்குச் செக்கன் 9.82 மீற்றர், 10 பாகைக்குக் கிட்டே 9.78. கையில் தொங்கவிட்டு நிறுக்கும் சின்னத் தராசு அளப்பது இழுவிசையை. ஒஸ்லோவில் சரிபார்த்த அப்படியொரு தராசை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய், சரியாக 23.00 காட்டும்வரை பெட்டியை நிரப்பினால், உள்ளூரில் சரிபார்த்த கட்டுநாயக்கத் தராசில் அது 23.09 காட்டும். வித்தியாசம் 90 கிராமுக்குச் சற்றுக் குறைவு, ஒரு 200 கிராம் சொக்லேட் கட்டியில் பாதிகூட இல்லை. பெரும்பாலான கைத்தராசுகளின் சொந்தப் பிழையே இதைவிடப் பெரிது. இருந்தாலும் 22.5இல் நிறுத்துங்கள் என்று சொல்ல இது ஒரு நல்ல சாட்டு.

இனி எதை எந்தப் பெட்டியில் வைப்பது. 40 சாமான் இருக்கிறது. ஒவ்வொன்றையும் எடுக்கலாம், விடலாம். மொத்தம் எத்தனை விதமான தெரிவு? இரண்டை நாற்பது முறை பெருக்க வேண்டும்: ஒரு லட்சம் கோடிக்கு மேல். இந்த வகைக் கணக்கைக் கணினியியலில் முதுகுப்பைக் கணக்கு என்பார்கள். றிச்சர்ட் கார்ப் 1972இல் தொகுத்த, விரைவான பொதுத் தீர்வு எதுவும் கண்டுபிடிக்கப்படாத 21 கடினமான கணக்குகளில் அதுவும் ஒன்று. ஆனால் அதற்கு நெருங்கிய உறவான, சாமானைப் பல பெட்டிகளில் அடுக்கும் கணக்கில், உச்சமான விடை வேண்டாம், நல்ல விடை போதும் என்றால் வழி சுலபம். பெரியதை முதலில் வை, அது கொள்ளும் முதல் பெட்டியிலேயே வை, பிறகு அடுத்த பெரியது. டேவிட் ஜோன்சன் 1973இல் தன் முனைவர் ஆய்வில் இதன் எல்லையைக் காட்டினார். மிகச் சிறந்த அடுக்கலுக்கு 9 பெட்டி தேவைப்படும் இடத்தில் இந்த முறைக்கு 11க்கு மேல் ஆகாது. வரிசைப்படுத்தாமல் கைக்கு வந்ததை வந்தபடி வைத்தால் 15 வரை போகலாம். அது ஒற்றைப் பரிமாணக் கணக்கு, நம் பெட்டிக்கு மூன்று பரிமாணம் என்றாலும் பாடம் பொருந்தும். தீயணைப்பு வண்டி போகப்போகிறது என்றால் அது முதலில் போகட்டும். அழுது அடம்பிடித்து, கடைசியில் மனம் இரங்கி, மூடிய பெட்டியைத் திறந்து வைக்கும் வண்டிதான் எல்லாவற்றையும் குலைக்கும்.

சரி, கைப்பொதி. பிள்ளைகளோடு போகும் பயணம் நன்றாக அமைவதும் நாசமாவதும் இந்தச் சின்னப் பைக்குள்தான்.

விமானம் 11 கிலோமீற்றர் உயரத்தில் பறக்கும்போது வெளியே காற்றழுத்தம் தரையில் உள்ளதில் கால்பங்கும் இல்லை. உள்ளே அழுத்தத்தைக் கூட்டி வைத்திருப்பார்கள், ஆனால் தரையின் அளவுக்கு இல்லை. அதிகபட்சம் 2,400 மீற்றர் மலையுச்சியில் இருப்பது போன்ற நிலை, அதாவது தரையழுத்தத்தில் சுமார் முக்கால். பெட்டிகள் கிடக்கும் கீழ்த்தளத்திலும் இதே அழுத்தம்தான். முக்கால் அழுத்தத்தில், தரையில் மூடிய எந்தக் காற்றும் மூன்றில் ஒரு பங்கு விரியப் பார்க்கும். முறுக்குப் பை ஊதிப் பருப்பது இதனால்.

இதைப் பிள்ளையின் உறிஞ்சுகுழாய்ப் போத்தலில் பார்க்கலாம். 250 மில்லிலீற்றர் போத்தல், கேட் திறக்குமுன் பிள்ளை பாதி குடித்துவிட்டது, 120 மி.லீ. யூஸ், 130 மி.லீ. காற்று. குழாயை மடக்கி மூடிவிட்டோம். மேலே போனதும் அந்த 130 மி.லீ. காற்று 170க்கு மேல் விரியத் துடிக்கிறது. குழாயின் அடிமுனை யூஸுக்குள் இருக்கிறது, காற்று மேலே அழுத்துகிறது. பிள்ளை குழாயை நிமிர்த்திய கணத்தில் 40 மி.லீ. யூஸ் பீறிட்டு முன்னாசனக்காரரின் தலையில் விழும். சூப்பி உள்ள சாதாரணப் பால்போத்தலில் இது நடக்காது. நிமிர்த்திப் பிடித்தால் சூப்பியை ஒட்டி இருப்பது காற்று, காற்றுத்தான் வெளியேறும். உறிஞ்சுகுழாய்ப் போத்தலானால் முதலில் பெரிய மூடியைக் கொஞ்சம் தளர்த்தி, காற்றை விட்டு, பிறகு குழாயைத் திறக்க வேண்டும். பெரிய பெட்டியில் போகும் ஷம்பூ, நல்லெண்ணெய், ஊறுகாய்க்கும் இதே விதிதான். போத்தலை அமுக்கிக் காற்றை வெளியேற்றி மூடினால் விரிய ஒன்றும் இராது. கண்ணாடிப் போத்தலை அமுக்க முடியாது, அதற்கு மேலே ஒரு பொலித்தீன் உறை.

பிள்ளையின் காதும் ஒரு மூடிய போத்தல்தான். நடுக்காதில் இருந்து தொண்டைக்கு ஒரு மெல்லிய குழல் ஓடுகிறது. விழுங்கும்போது அது திறந்து அழுத்தத்தைச் சமன் செய்யும். சின்னப் பிள்ளைகளில் அந்தக் குழல் குட்டையானது, ஒடுங்கியது, கிட்டத்தட்டப் படுக்கையாகக் கிடப்பது. ஏறும்போது காற்று வெளியேறுவது சுலபம். இறங்கும்போது வெளியழுத்தம் கூடி, குழல் வாய் ஒட்டிக்கொள்ளும், செவிப்பறை உள்ளே இழுபடும். விமானத்தில் பிள்ளைகள் வீறிடுவது பெரும்பாலும் இறங்கும் கடைசி அரை மணி நேரத்தில்தான். ஆகவே ஒரு பால்போத்தலுக்கான மாவும் சுடுதண்ணீரும் இறங்கும்வரை மிஞ்சி இருக்க வேண்டும்; அதுவும் தலைக்கு மேலுள்ள தட்டில் இருந்து பயனில்லை. ஆசனப்பட்டி போடச் சொன்ன பிறகு எழும்ப விடமாட்டார்கள். காலடியில் இருக்க வேண்டும். சற்றுப் பெரிய பிள்ளைக்கு உறிஞ்சும் இனிப்பு, அல்லது தண்ணீர். கைப்பொதியில் 100 மி.லீ.க்கு மேல் திரவம் கூடாது என்ற விதி, 2006 ஆகஸ்டில் லண்டனில் வெளிப்பட்ட திரவ வெடிகுண்டுச் சதிக்குப் பிறகு அந்த நவம்பரில் ஐரோப்பாவில் வந்தது. பயணத்துக்குத் தேவையான குழந்தை உணவுக்கும் பாலுக்கும் அதில் விலக்கு உண்டு. சோதனையில் தனியே எடுத்துக் காட்டினால் போதும். அம்மம்மாவின் இடிச்ச சம்பலுக்கு விலக்கு இல்லை.

எத்தனை பம்பர்ஸ் கையில் வைப்பது? இதற்கும் கணக்கு உண்டு. பிரெஞ்சுக் கணிதர் புவாசோன் 1837இல் வெளியிட்ட ஒரு பரவல், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் எப்போதாவது நிகழும் சம்பவங்களின் எண்ணிக்கை எப்படி ஏறி இறங்கும் என்று சொல்கிறது. சராசரியின் வர்க்கமூலம்தான் அந்த ஏற்ற இறக்கத்தின் அளவு. ஒரு நாளைக்குச் சராசரி 6 மாற்றுகிறோம் என்றால் வர்க்கமூலம் 2.4, பாதுகாப்புக்கு அதன் இரு மடங்கு, 5. ஆக 11. இரட்டைப் பிள்ளைகள், ஒரே அளவு பம்பர்ஸ் என்றால் 22 வேண்டியதில்லை. சராசரி 12, வர்க்கமூலம் 3.5, மொத்தம் 19 போதும். ஒரு பிள்ளையின் மிச்சம் மற்றதற்கு உதவும்.

கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் 'ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல்' என்ற இரு சொல்லில் அது நிற்கிறது. வயிற்றோட்டம் பிடித்த பிள்ளைக்கு அந்த நிபந்தனை பொருந்தாது. ஒன்று வந்தால் அடுத்ததும் வரும், அதற்கடுத்ததும். பயணத்தில் கெட்டவை தனித்தனியாக வருவதில்லை, கூட்டமாக வரும். விமானம் பிந்தும், பிந்தியதால் சாப்பாட்டு நேரம் தவறும், தவறியதால் பிள்ளை வாந்தி எடுக்கும், வாந்தியில் உடுப்பு போகும், தூக்கி வைத்திருந்த அம்மாவின் உடுப்பும் போகும். தனித்தனி ஆபத்துக்கு வாய்ப்பாடு பார்த்து வைத்த மிச்சம் இந்தக் கூட்டத்துக்குப் போதாது. இரு வாரத்துக்கான பம்பர்ஸை ஒஸ்லோவில் இருந்து சுமப்பது வீண். யாழ்ப்பாணத்துக் கடைகளில் தாராளமாகக் கிடைக்கும். முதல் ஒன்றரை நாளுக்கானதைக் கஞ்சத்தனம் இல்லாமல் கையில் வைத்திருப்பது வீணல்ல. பிள்ளைக்கு இரண்டு மாற்றுடுப்பு. பெற்றாருக்கும் ஆளுக்கொரு மேற்சட்டை. இந்த இரண்டாவதைத்தான் அநேகமாக எல்லோரும் மறக்கிறார்கள். ஒவ்வொரு சோடியையும் தனித்தனிப் பொலித்தீன் பைக்குள் வையுங்கள். அழுக்கை அடைக்க அதே பை ஆகும்.

நத்தார் விடுமுறைக்குப் போகிறவர்களுக்கு வேறொரு சிக்கல். வீட்டு வாசலில் உறைபனி, கொழும்பில் 30 பாகை. குளிர் உடுப்பைப் பிள்ளைக்குப் போட்டுத்தான் பஸ் தரிப்புக்குப் போக வேண்டும், விமானம் ஏறியதும் அது பாரம். பிள்ளைதானே, பத்து நிமிடம் சமாளிக்கும் என்று விடவும் முடியாது. 10 கிலோக் குழந்தையின் தோலின் பரப்பு ஏறத்தாழ அரைச் சதுர மீற்றர். 70 கிலோப் பெரியவருக்கு 1.8. எடையில் ஏழில் ஒன்று, பரப்பில் கால்பங்குக்கும் மேல். ஒவ்வொரு கிலோ உடலுக்கும் பிள்ளை நம்மைவிடக் கிட்டத்தட்ட இரு மடங்கு தோலால் வெப்பத்தை இழக்கிறது. நோர்வேயில் பாலர் பாடசாலைப் பிள்ளைகளுக்கு உள்ளே கம்பளி, வெளியே தடித்த முழுவுடுப்பு என்று போடுவது இதை அறிந்துதான். அந்த உடுப்பு சூடு காப்பது இழையால் அல்ல, இழைகளுக்கு இடையே அகப்பட்ட அசையாக் காற்றால். அதாவது பெரும்பகுதி காற்று. எடையில்லை, இடம்தான் பிடிக்கும். 180 கிராம் கோட்டுக்கு வெகு கீழே. உறிஞ்சு பை உண்மையில் உதவுவது இங்கேதான் என்று சொல்ல வந்தேன். கையால் உருட்டிக் காற்றை வெளியேற்றும் வகைப் பை ஒன்றில் பிள்ளைகளின் குளிர் உடுப்பைத் தட்டையாக்கிக் கைப்பொதிக்கு அடியில் போட்டுவிடலாம். திரும்பி வரும்போதும் அது கையிலேயே இருக்கட்டும். நடுநிசியில் ஒஸ்லோவின் கார்டர்மூன் விமான நிலையத்தில் இறங்கி, பெட்டி வராமல், பருத்திச் சட்டையோடு நிற்கும் பிள்ளையை ஹௌகெத்தோவிலோ மூர்டென்ஸ்ரூட்டிலோ வீட்டுக்குப் போகும் பஸ்ஸுக்குக் காத்திருக்க வைக்க முடியாது.

சோதனை விசயங்கள் சுருக்கமாக. பவர் பேங்கும் தனிப் பற்றரியும் பெரிய பெட்டியில் வைக்கவே கூடாது. லிதியம் பற்றரி உள்ளே பழுதாகிச் சூடேறத் தொடங்கினால் அந்தச் சூடே அடுத்த சூட்டைப் பிறப்பிக்கும். கீழ்த்தளத்துத் தீயணைப்பு வாயு சுவாலையை அடக்கும், இந்தச் சங்கிலியை நிறுத்தாது. பயணிகள் தளத்தில் என்றால் பணியாளர் கண்டு தண்ணீர் ஊற்ற முடியும். 100 வாட்-மணி வரை பொதுவாக அனுமதி: 20,000 மில்லி அம்பியர்-மணி என்று எழுதியிருந்தால் அதை 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 74, பயமில்லை. 2025 ஜனவரியில் தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஏர் பூசான் விமானம் எரிந்த பிறகு விதிகள் இறுகி வருகின்றன. டுபாய் வழி போகிறவர்கள் கவனிக்க: எமிரேட்ஸ் 2025 ஒக்ரோபர் முதல் விமானத்துக்குள் பவர் பேங்கைப் பயன்படுத்தவே விடுவதில்லை. பிள்ளையின் டாப்லெட்டை வீட்டிலேயே முழுதாகச் சார்ஜ் செய்துவிடுங்கள். எக்ஸ்-கதிர்த் திரையில் சேதனப் பொருள் எல்லாம் செம்மஞ்சளாகத் தெரியும், உலோகம் நீலமாக; அடர்த்தியான மாவுக் கட்டிகளையும் சொக்லேட் அடுக்கையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்தால் என்னவென்று பிரித்தறிய முடியாமல் பெட்டியைத் திறப்பார்கள். பரப்பித் தட்டையாக வைத்தால் அந்தத் தொல்லை குறையும். ஊரில் இருந்து நெய் கொண்டுவர வேண்டாம். ஐரோப்பியப் பொருளாதார வலயத்துக்கு வெளியே இருந்து இறைச்சியும் பால்பொருளும் நோர்வேக்குள் வருவதற்குத் தடை. கால்-வாய் நோய் போன்ற கால்நடை நோய்களை அஞ்சி வைத்த தடை அது.

கடைசியாக, பெட்டி வராமற் போவது. விமானப் பொதிகளைக் கண்காணிக்கும் தொழில்நுட்பம் வழங்கும் சீற்றா நிறுவனத்தின் கணக்குப்படி, 2007இல் 1,000 பயணிகளுக்கு 18.9 பெட்டி தவறின அல்லது பிந்தின. 2023இல் அது 6.9. 2018 ஜூனில் இருந்து, ஒவ்வொரு பெட்டியும் கைமாறும் நான்கு இடங்களில் பதிவாக வேண்டும் என்று விமான நிறுவனங்களின் சர்வதேசச் சங்கமான ஐயாட்டாவின் விதி இருக்கிறது. பெட்டியில் ஒட்டும் பத்து இலக்கப் பட்டைக்குறிதான் அதன் உயிர். போன பயணத்து ஒட்டுத்தாளைக் கிழிக்காமல் விட்டால் இயந்திரம் பழையதை வாசித்துக் குழம்பும்.

6.9 என்றால் கிட்டத்தட்ட 150இல் ஒன்று. நாலு வயதுப் பெரியவனின் உடுப்பு முழுவதும் ஒரே பெட்டியில் இருந்தால் அவன் உடுப்பின்றி நிற்கும் வாய்ப்பு 150இல் ஒன்று. எல்லோருடைய உடுப்பையும் பாதி பாதியாக இரண்டு பெட்டியில் கலந்து வைத்தால், இரண்டும் தொலைய வேண்டும்: 150ஐ 150ஆல் பெருக்கி, 22,500இல் ஒன்று. பயண ஆலோசனை சொல்வோர் எல்லோரும் சொல்லும் வழி இதுதான். நல்ல வழி, ஒரு பெட்டியின் ஒட்டுத்தாள் கிழிந்தாலோ, அதே கறுப்புப் பெட்டி வைத்திருந்த இன்னொருவர் மாறித் தூக்கிப் போனாலோ காப்பாற்றும்.

ஆனால் பம்பர்ஸ் கணக்கில் பார்த்த அதே ஓட்டை இங்கேயும் உண்டு. 2023இல் பிந்திய பெட்டிகளில் 46 சதவீதம் பிந்தியது விமானம் மாறும் இடத்தில். ஒஸ்லோவில் இருந்து போன விமானம் ஒரு மணி நேரம் பிந்தி, டோஹாவில் அடுத்த விமானத்துக்குக் குடும்பம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடி ஏறிவிட்டது என்று வையுங்கள். கீழே கிடந்த நாலு பெட்டிக்கும் கால் இல்லை. ஒன்று தவறினால் நாலும் தவறும். அப்போது 22,500 என்ற எண்ணுக்குப் பொருளே இல்லை. வாய்ப்பு மறுபடி 150க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது, மாறும் இடைவெளி குறுகலானால் அதைவிட மோசம். பெட்டிகளுக்குள் எப்படிக் கலந்து வைத்தாலும் இதற்குப் பரிகாரம் இல்லை. டிக்கெட் எடுக்கும்போதே மாறுவதற்கு இரண்டரை, மூன்று மணி நேரம் விட்டு எடுப்பதும், முதல் இரண்டு நாளைக்கான மருந்து, பால்மா, உடுப்பு எல்லாம் கைப்பொதியில் இருப்பதும் மட்டுமே பரிகாரம். ஆகவே அடுத்த முறை கைப்பொதியை முதலில் அடுக்குங்கள். பெரிய பெட்டிக்கு மிஞ்சியது போகட்டும்.

அப்படியும் கட்டுநாயக்கவில் பொதி வரும் வார்ப்பட்டை காலியாகச் சுற்றுகிறதா? பிள்ளை அழுகிறது, வான் காத்திருக்கிறது என்று வெளியே போய்விடாதீர்கள். மண்டபத்துக்குள்ளேயே உள்ள பொதி முகப்பில் முறைப்பாடு எழுதி அதன் பிரதியைக் கையில் வாங்குங்கள். 1999ஆம் ஆண்டு மொன்றியல் உடன்படிக்கையின்படி, சேதமான பெட்டிக்கு 7 நாளுக்குள்ளும், பிந்தி வந்த பெட்டிக்கு அது கைக்கு வந்ததில் இருந்து 21 நாளுக்குள்ளும் எழுத்தில் முறையிட வேண்டும். இழப்பீட்டின் உச்சம் ஒரு பயணிக்கு 1,519 சிறப்பு எடுப்பனவு உரிமை (SDR என்ற கணக்கலகு), ஏறத்தாழ 2,000 அமெரிக்க டொலர். 2024 டிசம்பர் 28இல் இருந்து இந்த அளவு. பெட்டி வரும்வரை வாங்கிய பம்பர்ஸ், பால்மா, பிள்ளையின் சட்டை எல்லாவற்றுக்கும் பற்றுச்சீட்டை எடுத்து வையுங்கள். சீட்டில்லாமல் காசு வராது.